ஒன்பதாவது வரி

மார்ச் 3

அன்புள்ள வக்கீலுக்கு,

முழங்கால் வலி அப்படியேதான், மற்றபடி குறையில்லை. உன் தொண்டை ஆறியதா?

நேற்றைய கூட்டத்தில் நான் சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரமாக நின்றேன். உன் குரல் அங்கேயும் கணீரென்று கேட்டது. சட்டப் பயிற்சி நிலையத்தின் இருபது வருடக் கட்டணப் பட்டியலை வாசித்து, "நாங்கள் திரட்டியது" என்றாய். பழைய கையேடுகளைத் தேடி நூலகத் தரையில் நான்கு மாதம் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைவு. தவறாகவும் இருக்கலாம்.

வீட்டில் பேத்திக்கு வாயைத் திறந்தால் "வக்கீல் தாத்தா"தான். இந்த வருடமும் கட்டணம் ஏறினால் அவளுடைய சட்டப் பயிற்சி பாதியில் நின்றுவிடும். அதனால் நான் குறை சொல்லக்கூடாது. சொல்லவும் இல்லை.

உன்,
அட்டவணை

மார்ச் 7

டேய் அட்டவணை,

குறை சொல்லலையாம்! பக்கம் முழுக்க வேறென்னடா எழுதியிருக்கே? மேடைக்கு வாடான்னு மூணு தரம் கூப்பிட்டேன். சைக்கிள் நிறுத்துற இடத்துத் தூணுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டே. மாலையை நான் என்ன, தூணுக்கா போட முடியும்?

பதிமூணாம் தேதி வியாழக்கிழமை கட்டணக் குழு முன்னாடி நம்ம மனு மேல விசாரணை. உன் பேத்தி படிப்பு மட்டுமில்ல, நூத்திப் பத்துப் பிள்ளைங்க படிப்பு அதுல இருக்கு. பட்டியலை இன்னொரு தரம் சரிபாரு. நீ பாத்தாச்சுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பேன். முடிஞ்சா பக்கத்துல வந்து உக்காரு.

வக்கீல்

மார்ச் 12

அன்புள்ள வக்கீலுக்கு,

சரிபார்த்தேன். ஒன்பதாவது வரியில் பயிற்சிக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணமும் சேர்ந்துவிட்டது. பிழை என்னுடையது. அதைக் கழித்தாலும் உயர்வு பெரிதுதான். வாசிப்பதற்கு முன் திருத்திக்கொள். திருத்தம் எதுவானாலும் எழுத்தில் இருப்பதே முறை என்பதால் எழுதுகிறேன். கால் வலியால் நாளை வர இயலாது.

உன்,
அட்டவணை

மார்ச் 17

அட்டவணை,

உன் கடிதம் சனிக்கிழமை வந்துச்சு. விசாரணை வியாழக்கிழமை.

நிர்வாகத்தோட நிஜ வக்கீல் நேரா அந்த ஒன்பதாவது வரியிலதான் விரலை வெச்சான். "பெரியவரே, தேர்வுக் கட்டணத்தையும் சேத்தாத்தான் கணக்கு வருதோ?" அறையே சிரிச்சுது. படியெடுத்தப்போ நான் பண்ணின தப்புன்னு சொன்னேன். இருபத்தேழாம் தேதிக்குள்ள, தயாரிச்சவரே உறுதிமொழியோட புதுப் பட்டியல் தரணும்னு உத்தரவு. அதுலயும் தப்பு இருந்தா மனு தள்ளுபடி.

புதன்கிழமையே உனக்குத் தெரியும். வீட்டுல போன் இருக்கு. மறுநாள் காலையில உன் பேத்தி உன் வாசல்லேருந்துதான் விசாரணைக்குக் கிளம்பினா. அவ கையில ஒரு துண்டுச் சீட்டு குடுத்திருந்தா போதும்.

மறந்துட்டியா? அதை மட்டும் சொல்லு.

வக்கீல்

மார்ச் 20

அன்புள்ள வக்கீலுக்கு,

மறக்கவில்லை.

அவள் செருப்பு மாட்டும்போது பக்கத்தில்தான் நின்றேன். "வக்கீல் தாத்தா இன்னைக்கு அவங்கள ஒரு வழி பண்ணிடுவாரு" என்றாள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவள் கண்ணெதிரே நீ ஒரு தரம் தடுமாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு வரிதானே, வழக்கு விழாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு தன்னோடதுன்னு அவர் சொன்னாரு. அதை நம்பி ஒரு வாரமா நான் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசல தாத்தா" என்றாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருக்கிறது.

புதுப் பட்டியலில் என் பெயரிலேயே உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. இருபத்தேழாம் தேதி நானே எழுந்து வாசிக்கிறேன். பழைய பிழை யாருடையது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன். என் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டுமா தெரியவில்லை.

அன்று காலை அவள் உன்னோடு வருகிறாளாம். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். எனக்காக இடம் பிடித்து வைக்க வேண்டாம்.

அட்டவணை