இரண்டாவது கரண்டி

ஹெப்பகோடி,
ஞாயிறு காலை

அன்பு மகள் சிந்துவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிஷோரும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், அதில் பாதியைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், எந்தப் பாதி என்று பின்னால் சொல்கிறேன். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால்தான் பேப்பரில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

ஒன்றரை மாதமாகக் காலைக் காபி குடித்ததும் எனக்கு வயிறு கடமுடா என்றது. அசோசியேஷன் மீட்டிங்கில் பக்கத்தில் இருந்த கோவிந்தப்பா திரும்பியே பார்த்துவிட்டார். போதாததற்குக் காபியில் லேசான இனிப்பு, எனக்குச் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. முதலில் பால்காரரைச் சந்தேகப்பட்டேன், பிறகு காபித்தூளை. கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு டப்பா கிடைத்தது, உள்ளே வெள்ளைப் பொடி. அதைத் தூக்கிக்கொண்டு நேராக மெடிக்கல் ஷாப் ரங்காவிடம் போனேன். அவர் லேபிளைப் படித்துவிட்டு, "இது மருந்தே இல்ல சார், நார்ச்சத்து. குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, அஷ்டே, அவ்ளோதான்," என்றார். சிக்கரி வேரிலிருந்து எடுக்கிறார்களாம். ஆரம்பத்தில் காற்று பிரியும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டால் உன் அம்மா சிரிக்கிறாள். காய்கறியை ஒதுக்கிவிட்டுப் பாத்ரூமில் முக்கால் மணி நேரம் உட்காருகிறீர்கள், சிந்துதான் ஆன்லைனில் அனுப்பினாள் என்றாள். என்னிடம் சொல்லாமல் என் வயிற்றில் இரண்டு பேரும் சோதனை நடத்தியதற்கு எனக்குக் கோபம்தான், இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் இப்போது காலையில் சிரமமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. முப்பது வருடம் ஃபேக்டரியில் அளவு பார்த்தவன் நான். டப்பாவுக்குள் ஸ்டீல் ஸ்கேலை விட்டுத் தினமும் ஆழம் பார்த்தேன். நாளுக்கு ஒரு கரண்டி என்றால் அவ்வளவு இறங்கக்கூடாது, சரியாக இரண்டு மடங்கு இறங்கியது. எனக்கே இரண்டு போடுகிறாளோ என்று கதவோரம் நின்று கவனித்தேன். என் காபியில் ஒன்றுதான். நான் டம்ளரோடு பால்கனிக்குப் போனதும் இன்னொன்றைத் தண்ணீரில் கலக்கி அவளே குடிக்கிறாள். தினமும் கீரையும் அவரைக்காயும் சாப்பிடுகிறவளுக்கு இது எதற்கு? கேட்டேன், சும்மா என்றாள். மறுபடி கேட்டேன், பாலைப் பார்க்கணும் என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மாசமா ரத்தம் போகுதுங்க. மூலம்னு நெனச்சேன், இளகிப் போனா நின்னுடும்னு பாத்தேன். ஒங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்க, சிந்துகிட்ட சொன்னா டிக்கெட் போட்டுடுவா."

புரிகிறதா சிந்து, என் பெயரைச் சொல்லி உன்னிடம் வாங்கிய பொடி அவளுக்கு. நீ சந்தேகப்படக்கூடாது என்றுதான் என் காபியிலும் ஒரு கரண்டி. உனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்கிறாள், முக்கால்வாசி நம்புகிறேன்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பொடி குடலுக்கு நல்லதுதான், ஆனால் ரத்தத்துக்குக் காரணத்தை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக்கூடாது என்று என்னையே திட்டினார். புதன்கிழமை டியூப் விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். சின்ன விஷயமாகவும் இருக்கலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது சிந்து. பக்கத்திலேயே இருந்துகொண்டு என் வயிற்றை மட்டும் கவனித்திருக்கிறேன்.

நீயும் டப்பாவை நம்பிக் காய்கறியை விட்டுவிடாதே. இருவரும் நீண்ட ஆயுளோடு நோய்நொடியில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். புதன் மாலை அம்மாவுக்குப் போன் செய்தால் ஒன்றுமில்லை என்பாள், நம்பாதே, என்னைக் கேள். நானும் ஒன்றுமில்லை என்றால் என்னையும் நம்பாதே, ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்.

உன் அப்பா,
கணேசமூர்த்தி