ஒரே அச்சில் வார்த்த படகு

வேங்கிக்கால்,
தீபம் முடிந்து இரண்டாம் வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா ராணியம்மாள் எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இரண்டு மாடுகளும் அண்ணாமலையார் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு இதென்ன புதிதாகக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் இல்லாத நேரம் பார்த்துப் பேசினால் நான் அழுதுவிடுவேன், எழுதினால் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதலாம். ஐப்பசியில் அப்பா உன்னிடம் மாறன் கடைசியாக அனுப்பிய போட்டோவைக் கேட்டாரே, எதுக்குப்பா என்று நீ கேட்டதற்குச் சும்மாதான் என்றாரே, அது சும்மா இல்லை. உன் அண்ணன் விஷயத்தை உனக்குச் சொல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மாட்டுத் தொட்டி விரிசல் விட்டுப் போயிற்று, கீழ்பென்னாத்தூரில் பழைய சாமான் கடையில் நல்ல தொட்டி கிடக்கிறதாம் என்று காலையில் போன மனுஷன், சாயங்காலம் டிராக்டரில் ஒரு படகைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், டிரெய்லரில் அந்தப் படகுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டு வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தெருவே கூடிவிட்டது, எதிர்வீட்டுக்காரி "இன்னாக்கா, இனிமே கிரிவலம் போட்லதானா" என்று கேட்டாள், நானும் சிரித்தேன். பைபர் படகு, கடல் மீன் பிடிக்கிறது, வெள்ளம் வந்தபோது ஆட்களை ஏற்ற லாரியில் கொண்டுவந்து, பிறகு திருப்பி எடுத்துப்போக ஆளில்லாமல் கடைக்கு வந்து சேர்ந்ததாம். உடையாது, துருப்பிடிக்காது, ரெண்டு மாடும் ஒண்ணா வாய் வெச்சிக் குடிக்கும் என்று அப்பா சொன்னார். டிவியில் கடல் வந்தாலே சேனலை மாற்றுகிற மனுஷனுக்கு இதென்ன ஆசை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பிளம்பர் சரவணகுமார் வந்து, தண்ணீர் மாற்றி விட வசதியாக, பின்பலகையில் தட்டு அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை அறுத்து அடைப்பான் வைத்துக் கொடுத்தான். அறுத்து எடுத்த வட்டம் நன்றாக இருக்கிறதே என்று நான் மாட்டுக் கழனித் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்துக்கொண்டேன். தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த பொருளுக்குள் தண்ணீரை நிரப்பினோம், கடலைப் பார்க்காத ஊர்க்காரர்கள் வேறென்ன செய்வோம்.

ஒரு நாள் பாசி தேய்க்கும்போது, ஓட்டை ஓரத்தில் பைபரிலேயே பதித்த எழுத்துகள் பெயிண்டுக்கு அடியிலிருந்து தெரிந்தன. பட்டறையின் பெயர் எழுத்து இரண்டு, அடுத்து 28, அடுத்து ஒரு 1, அதற்கு மேல் ஓட்டை. அதைப் பார்த்த உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உனக்குத் தெரியாததா, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு வரிசையாக வருகிறது. மாறன் நாகப்பட்டினம் பக்கம் படகு இன்ஜின் மெக்கானிக்காகப் போனது, புது இன்ஜினை ஓட்டிப் பார்க்க ரெண்டு மீனவர்களோடு கடலுக்குள் போனது, காற்று எழுந்தது, மூன்று பேரும் வராதது, நீச்சல் தெரியாத பிள்ளை. அந்தப் படகின் பட்டறை எழுத்தும் இதே, மாடலும் இதே 28, எண் 119. போலீசில் சொன்ன நாளிலிருந்து அது உன் அப்பாவுக்குத் தன் பஸ் நம்பரைவிட நன்றாக மனப்பாடம். ஏழு வருஷமாகச் சொந்தக்காரர்கள் வந்து பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் அவர் சொன்ன ஒரே பதில், "போட்டே கிடைக்கல. போட்டு கிடைக்கட்டும், அப்புறம் பேசலாம்." அதனால்தான் போகிப் படையலில் தாத்தாவின் பெயர் சொல்கிறோம், பெரியப்பாவின் பெயர் சொல்கிறோம், அவன் பெயரைச் சொல்வதில்லை. இப்போது வாசலுக்கே ஒரு படகு வந்து நிற்கிறது, அதில் பாதி எண்.

கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் வீடு கட்டியிருக்கிற கோதண்டராமன் சாரை அப்பா கூட்டிவந்தார், மீன்துறையில் இருந்து ரிடையரானவர், சர்க்கரை கம்மியாப் போடும்மா என்று சொல்லிச் சொல்லியே மூன்று டம்ளர் காபி குடிப்பவர். டேப் வைத்து அளந்தார், காசால் தட்டிக் கேட்டார், மூக்கு இவ்வளவு தூக்கலாக இருப்பதைப் பார்த்தால் கேரளா படகு என்று முதல் நாள் அடித்துச் சொன்னார், மறுநாள் அவரே இல்லை என்றார். பிறகு போட்டோ எடுத்து அந்தப் பட்டறைக்கே அனுப்பினார். அவர்கள் சொன்ன அடையாளத்தை என்னால் மறக்க முடியவில்லை. படகை அச்சில் வார்ப்பார்களாம், அந்த 28 அடி அச்சில் மூக்குக்கு இடது பக்கம் ஒரு கீறல் விழுந்திருந்ததாம், அதனால் அந்த அச்சில் பிறந்த படகு எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஒரு தழும்பு இருக்குமாம். அதற்குத்தான் உன்னிடம் போட்டோ கேட்டது. மாறன் படகின் மூக்கில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறானே, அவன் முழங்கைக்குக் கீழே பெரிதாக்கிப் பார், நகத்தால் கிழித்த மாதிரி ஒரு கோடு. நம் வாசலில் நின்ற படகிலும் அதே கோடு. மாடல் இதுதாங்க, சந்தேகமே இல்ல, ஆனா அந்த அச்சுல எத்தனையோ போட்டு வந்திருக்கு, முழு நம்பர் இருந்தா சொல்லிடலாம் என்று சார் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் வீடு வீடாக இல்லை கவி. மாட்டை அதன் பக்கம் விடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பைபர் சாயங்காலம் குளிரும்போது தட்டுகிற மாதிரி சத்தம் வரும், அது இயல்புதான் என்று சார் சொல்லியிருந்தார், காரணம் தெரிந்தால் பயம் போய்விடுமா. விளக்கு வைக்கிற நேரத்துக்கு டொக் டொக் என்று கேட்கும், யாரோ கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்கு நிற்கிற மாதிரி. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்த உன் அப்பா "தோ வரேன்டா" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார். இந்த வீட்டில் அவர் டா போட்டுக் கூப்பிட இப்போது யார் இருக்கிறார்கள். மழை பிடித்ததும் இன்னும் மோசம், படகுக்குள் தண்ணீர் சேரச் சேரக் குவளையால் மொண்டு மொண்டு வெளியே கொட்டுவார். அடைப்பானைப் பிடுங்கினால் தானே வடிந்துவிடுமே என்றால், அது ஓட்டைடி, ஓட்டையைத் திறக்கக் கூடாது என்கிறார். கடல் இருக்கிற திசைகூடத் தெரியாத வேங்கிக்காலில், தரையில் நிற்கிற படகு மூழ்கிவிடும் என்று ஒரு மனுஷன் மழையில் நின்று தண்ணீர் இறைக்கிறார், அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சோறு வடிப்பது.

அந்த வட்டத்தைத் தேடினார், குப்பைமேடு, கால்வாய், சரவணகுமார் வீடு என்று ஓர் இடம் விடவில்லை. அது என்னிடம் இருந்தது. எண் அதில்தான் இருக்கிறது என்று சார் சொன்ன அன்றைக்கே பானை மேலிருந்து எடுத்து, திருப்பிப் பார்க்காமல், துணி சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். நீ கோபப்படுவாய். ஏழு வருஷமாக, அவன் போய்விட்டான்ங்க, பிள்ளையைப் பட்டினி போடாதீங்க, படையல் வையுங்க என்று உன் அப்பாவோடு சண்டை போட்டவள் நான், நான்தான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்தபோது என்னால் திருப்ப முடியவில்லை. அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் அந்தப் படகு வராமல் இருந்ததுதான் தெம்பாக இருந்திருக்கிறது என்று அரிசிக்குள் கை விட்டுக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் இறைத்து இறைத்து அவருக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சலிலும் எழுந்து குவளையைத் தேடினார். சரி, ஒரு பிள்ளைக்காக இன்னொருத்தரையும் விட முடியாது என்று மத்தியான வெளிச்சத்தில் வட்டத்தை எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். 46 என்று இருந்தது. நூற்று நாற்பத்தாறு. நம்முடையது இல்லை கவி. நான் அலறிய அலறலில் அப்பா போர்வையோடு ஓடிவந்தார். சந்தோஷமா துக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கே வைத்திருந்தாய் என்றுகூட அவர் என்னைக் கேட்கவில்லை, வட்டத்தை வாங்கி எண் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இது யார்துடி" என்றார்.

கோதண்டராமன் சார் பட்டறையில் விசாரித்தார், இரண்டு நாளில் ஒரு போன் நம்பர் கிடைத்தது. கடலூர் பக்கம் அன்புச்செல்வி என்று ஒரு பெண், அவள் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அந்தப் படகில் போய்த் திரும்பவில்லை. படகு எங்கோ கரை ஒதுங்கி, யார் கைக்கோ போய், பெயிண்ட் மாறி, இத்தனை தூரம் வந்திருக்கிறது. அப்பா போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், "உள்ள எதுனா இருந்துச்சாங்க?" நாங்கள் அதில் தவிடும் புண்ணாக்கும் கலந்து மாட்டுக்கு வைத்திருந்தோம், என்ன சொல்வது. இல்லம்மா, கடையிலயே காலியாத்தான் இருந்துது என்று அப்பா சொன்னார். போனை வைத்ததும் சரவணகுமாரைக் கூப்பிட்டு அந்த வட்டத்தைப் பழையபடி பொருத்தி ஒட்டச் சொன்னார், ஒரு பொம்பள வந்து பாக்கும்போது ஓட்டையோட நிக்கக் கூடாது என்றார். ஒட்டினது சரவணகுமார், கூடவே குனிந்து நின்று பிடித்துக்கொண்டவர் இவர்.

தீபம் கழிந்து கூட்டம் வடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அண்ணனோடு வேனில் வந்தாள். உன் வயசுதான் இருக்கும். வாசலில் காபி கொடுத்தேன், வாங்கி வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகி, யார் கையும் பிடிக்காமல் படகில் ஏறினாள். நடுவில் ஐஸ் வைக்கிற அறையின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், மூக்குப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. மாடு தண்ணீர் குடித்ததை நானே சொல்லிவிட்டேன், மறைக்க முடியவில்லை. "அதுக்கின்னாக்கா, உயிருக்குத்தானே தண்ணி காட்டினீங்க" என்றாள். அப்புறம் எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கேள்வி வந்ததோ, மெக்கானிக்குன்னு ஒருத்தர் கூட வந்தா எங்கேம்மா உக்காருவாரு என்று கேட்டுவிட்டேன். நம் கதையை அப்பா போனிலேயே சொல்லியிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள், கை நீட்டி என்னை ஏற்றிவிட்டாள். "இந்த அச்சு போட்டுல எல்லாத்துலயும் இடம் ஒண்ணுதான்க்கா. இன்ஜின் பாக்குறவரு இங்கதான் உக்காந்தாகணும், இடது கை இந்த வெளிம்பப் பிடிச்சிக்கும், கால இந்தக் கட்டையில முட்டுக்குடுத்துப்பாரு" என்று சொல்லி என்னை அங்கே உட்காரவைத்துக் காலை எடுத்துக் கட்டையில் வைத்தாள். விளிம்பைப் பிடித்தேன், அந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவன் கை தேய்த்தது இல்லை, வேறு யார் கையோ, எனக்குத் தெரியும். ஆனாலும் ஏழு வருஷத்தில் அவன் எங்கே இருந்தான், எப்படி உட்கார்ந்திருந்தான் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. கூப்பிடாமலேயே உன் அப்பா வந்து ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். "இந்தப் போகிக்குப் பேர் சொல்லிடலாம் ராணி" என்றார்.

படகை மறுநாள் லாரி வைத்து அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், காலையில் எழுந்ததும் மட்டும் அந்த வெற்று இடத்தில் போய்ச் சும்மா நிற்கிறார், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ அவரிடம் படகைப் பற்றிக் கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். பாப்பாவுக்கு ஜாஸ்தி துணி போட்டுப் புழுங்க வைக்காதே, மாப்பிள்ளையை இரவு வேலைக்குப் போகுமுன் ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்.

முக்கியமானது இதுதான். நம் வீட்டு வழக்கத்தில் பெற்றவர்கள் பிள்ளைக்குப் படையலில் பெயர் சொல்லி விழுந்து கும்பிடக் கூடாது, இளையவர்கள்தான் செய்ய வேண்டும், அவனுக்கு இளையவள் நீ ஒருத்திதான். போகியன்று சாயங்காலம் நான் இலை போட்டு, அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு வைத்து, போனை இலைக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். அங்கே உனக்கு வேலை நேரமாக இருந்தால் இப்போதே லீவு சொல்லிவிடு. குரல் உடைந்தால் உடையட்டும், அண்ணன் மாறன் என்று ஒரு தரம் முழுசாகச் சொல்லிவிடு, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் நூறு வயசு நிறைவாக இருக்க அண்ணாமலையார் துணையிருப்பார்.

இப்படிக்கு, உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்
அம்மா
ராணியம்மாள் மூர்த்தி