முப்பத்தொன்று எண்ணும் கட்டளை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கார்ஜிலிருந்து வரும் ரயில் இருபது நிமிடம் தாமதம். கார் து நோர்ட் நிலையத்திலிருந்து நடந்து அச்சகத்துக்கு வர சப்பாத்தெல்லாம் ஈரம்.

இன்றைய வேலை: சாமத்தியவீட்டு (பூப்பு நீராட்டு) அட்டை 1, மரண அறிவித்தல் 2, இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் 1. முதலாளி அண்ணை நாள்காட்டியில் பேனாவால் குத்திக் குத்தி அந்த முப்பத்தோராம் நாளை எண்ணுகிறார். இடையில் போன் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பார்க்கப் பொறுக்கவில்லை.

நான் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருளுக்குள்ளேயே கட்டளை அடிக்க ஒரு ஷெல் உண்டு. அதற்கு ஒரு சின்ன நீட்டிப்பு நிரல் எழுதினால் என்ன? ‘அந்தியேட்டி’ என்று அடித்து இறந்த தேதியைக் கொடுத்தால் நாள் வர வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 5, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். பன்னிரண்டு வரி. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது ஷெல். தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், ‘இந்த நீட்டிப்பு தயார்’ என்று எடிட்டருக்கு அறிவிக்கும் வரியை விட்டிருக்கிறேன். சேர்த்ததும் ஓடியது. ஒரே புளுகம், சந்தோஷம்.

சோதித்துப் பார்க்க ஒரு தேதி. மனப்பாடமானது ஒன்றுதான். 2023 பிப்ரவரி 9, வியாழன். அம்மா.

விடை: மார்ச் 12, ஞாயிறு.

நாங்கள் செய்தது 11, சனி.

எல்லாம் கூடப்பிறந்த அண்ணாவின் ஒழுங்கு. ஐயர், மண்டபம், சமையல். அவர் வேலை செய்த உணவகத்தில் ஞாயிறு சனம் அதிகம். அந்த மாதம்தான் புது இடத்துக்கும் மாறினார், சம்பளம் அதிகம் என்று. தன் வசதிக்கு அம்மாவின் நாளை மாற்றினாரா? யோசிக்காமல் வாட்ஸப்பில் அனுப்பினேன்: “அம்மான்ரை முப்பத்தொண்டை உங்கடை வேலைக்காக ஒரு நாள் முந்திச் செய்தனீங்களோ?”

வாசித்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். வாங்க வேண்டியவை: முருங்கைக்காய், நல்லெண்ணெய், ஊதுபத்தி.

ஸ்தேனில் அண்ணா வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவர் மனைவி, மச்சாள்தான் எடுத்தார். “ரெண்டு நாளாக் கதைக்கிறாரில்லை. என்ன சொன்னனீர் அவருக்கு?” ஒன்றுமில்லை என்றேன். பொய்.

லா கூர்னெவில் வசிக்கும் குடும்பம் ஒன்றின் அந்தியேட்டி அட்டை. தகப்பன் இறந்தது அக்டோபர் 24, வெள்ளி. கட்டளை அடித்தேன்: நவம்பர் 24, திங்கள். மாதிரி அச்சு எடுத்து வைத்தாயிற்று. முதலாளிக்குப் பெருமை. “இனி எனக்கு நாள்காட்டி வேண்டாம் பிள்ளை.”

நவம்பர் 8, சனி

அந்த வீட்டு மகள் மாதிரி பார்க்க வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். இங்கே பிறந்த பிள்ளை.

“அக்கா, இதில திங்கள் எண்டு கிடக்கு. ஐயர் ஞாயிறு எண்டவர். சால் மண்டபமும் ஞாயிறுக்குத்தான் எடுத்தாச்சு.”

கணினி எண்ணியது என்றேன்.

“அப்பா செத்த நாளையும் ஒண்டெண்டு சேத்து எண்ணோணுமெல்லே? ஐயர் விரலில எண்ணிக் காட்டினவர்.”

எனக்குத் தெரியாத வழக்கமா? கணினிக்கு எழுதும்போது நானும் கணினி மாதிரி எண்ணியிருக்கிறேன். இறந்த நாளை விட்டுவிட்டு, அதன் மேல் முப்பத்தொன்று. முதலாளி நாள்காட்டியைத் திரும்ப மேசைக்கு எடுத்தார்.

அவள் போனதும் கட்டளையில் 31 இருந்த இடத்தில் 30 போட்டேன். அம்மாவின் தேதியை அடித்தேன்.

மார்ச் 11, சனி.

நவம்பர் 10, திங்கள்

மழை. அண்ணாவுக்கு இன்று உணவகம் பூட்டு. பத்து மணிக்குப் போன் எடுத்தேன்.

“மன்னியுங்கோ அண்ணா. பிழை என்ரை. நீங்கள் சரியான நாளிலதான் செய்தனீங்கள்.”

“ஓம்.”

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை.

“அண்டைக்குச் சனிக்கிழமை பழைய இடத்து முதலாளி லீவு தரேல்லை. ஏப்ரனைக் கழட்டி வைச்சிட்டு வந்தனான். பிறகு என்னை அங்கை எடுக்கேல்லை.”

புது வேலைக்கு மாறியது அப்படித்தானாம். சம்பளமும் அதிகமில்லையாம், குறைவாம்.