தொடர்புகளுக்கு: கமலாசனி

26 ஜனவரி 2025, ஞாயிறு

நெல்லு வெட்டு மெசின்கார நடராசா அண்ணைக்குப் போன் எடுத்தால் மீதி போதாது என்கிறது. வெள்ளிக்கிழமைதான் இருநூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டேன். ஒருவரோடும் கதைக்கவில்லை. மகன் சுஜிதன் பிரான்சிலிருந்து எடுத்தான், அது அவனுடைய காசு. அப்ப என்ர காசு எங்க போனது?

சந்திவரை நடந்துபோய் ஸுஹறாவின் கடைப் போனில் எடுத்தேன். "ஐயோ தங்கச்சி, அரை மணித்தியாலம் முந்தி எடுத்திருக்கக்கூடாதோ? இப்பதான் செட்டிகுளத்துக்கு ஒத்துக்கொண்டனான். இனிச் சனிக்கிழமைதான் வருவன்" என்றார்.

இரண்டு ஏக்கர் நெல் முற்றி நிற்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இவர் இருந்திருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டார். இவர் போய் நாலு மாதமாகிறது. போனும் இவருடையதுதான், எனக்கென்று ஒன்று இருந்ததில்லை. இப்போதும் யார் எடுத்தாலும் "அப்புத்துரை வீடு" என்றுதான் சொல்கிறேன்.

27 ஜனவரி, திங்கள்

போனை ஸுஹறாவிடம் காட்டினேன். பூவரசங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவள். நாற்பது வயதிருக்கும். வருகிற சனத்தை அதட்டுகிறவள் என்று எனக்கு அவளில் பெரிய விருப்பமில்லை.

"அக்கா, ஒவ்வொரு நாளும் பேப்பருக்குப் பன்னிரண்டு ரூபா வெட்டுறாங்கள். காசில்லாத நாளுக்கும் சேர்த்து, நீங்க ரீலோட் போட்ட உடன எடுத்திட்டாங்கள்."

உண்மைதான். ஊருக்குப் பேப்பர் வருவது நின்றபோது, போனில் வாசிப்பதற்கென்று இவர் சந்தா எடுத்தவர். காலையில் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒக்டோபரிலேயே போனிலிருந்து அழித்துவிட்டேனே!

ஸுஹறா சிரித்தாள். "வீட்டுக்கு வந்த பேப்பரைக் கிழிச்செறிஞ்சா, ஏஜென்ற் பேப்பர் போடுறதை நிப்பாட்டுவாரோ?"

கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதம் கிழித்தெறிந்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன்.

28 ஜனவரி, செவ்வாய்

கிருசாந்தன் வந்தான். "மாமி, சிம்மைக் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்கோ. ஐஞ்சு நிமிசத்தில அலுவல் முடிஞ்சுது."

என்ன கதை இது? சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்து இவர் வாங்கிய முதல் நம்பர். இந்த நம்பரிலிருந்துதான் சுஜிதனுக்கு எடுத்து, உயிரோடு இருக்கிறோம் என்று சொன்னோம். அவன் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரே நம்பர் இது. எறியிறதாம். மருமகன் என்றபடியால் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

29 ஜனவரி, புதன்

ஸுஹறா கொழும்பிலுள்ள பத்திரிகை அலுவலகத்துக்கு எடுத்தாள். எடுக்க முன் செய்ததைத்தான் எழுத வேண்டும். ஒரு கொப்பியை விரித்துத் திகதி போட்டாள், நேரம் போட்டாள். மறுமுனையில் ஆள் வந்ததும் முதல் கேள்வி: "தம்பி, உங்கட பேர் என்ன?" அதையும் எழுதினாள். இதெல்லாம் எங்கே படித்தாளோ!

நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டாள். சந்தாவை நிறுத்த வேண்டுமென்றால் உரியவர்தான் கதைக்க வேண்டுமாம்.

"உரியவர் காலமாகிட்டார் தம்பி."

"சரி மிஸ். அவர் வந்தாப் பிறகு எடுக்கச் சொல்லுங்கோ."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா, அழுகையா, எனக்கே தெரியவில்லை. ஸுஹறா ஒரு சொல் உயர்த்திப் பேசவில்லை. "நீங்க சொன்னதை அப்பிடியே எழுதிக்கொண்டன் தம்பி" என்றாள்.  பிறகு, மரணச் சான்றிதழை அனுப்பினால் பதினாலு வேலைநாளில் பார்ப்பார்களாம். நான் கொண்டுபோயிருந்ததை உடனேயே படமெடுத்து அனுப்பினாள்.

எங்களை அதட்டுகிறவள் அவனை அதட்டவில்லை. இவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லைப் போலும்.

30 ஜனவரி, வியாழன்

மழை. கீழ் வயலில் நெல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எழுத மனமில்லை.

31 ஜனவரி, வெள்ளி

ஐம்பது ரூபாய் ரீலோட் போட்டேன். வீடு வந்து சேருமுன் போய்விட்டது. திரும்பக் கடைக்கு நடந்தேன். ஜும்மாத் தொழுகை நேரமென்று பாதிக் கதவை மூடிவைத்துவிட்டு உள்ளே இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"பதினாலு வேலைநாள் காத்திருக்கேலாதக்கா. அண்ணன்ட மரண அறிவித்தலை எந்தப் பேப்பர்ல போட்டீங்க?"

"அதே பேப்பர்தான். வேறை பேப்பர் இவருக்குப் பிடிக்காது."

 மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அல்லாவே! அந்தப் பக்கம் இருக்கா? ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வாங்கக்கா."

அறிவித்தல் வந்த அன்றைக்குக் கிருசாந்தன் வவுனியாவில் பத்துப் பேப்பர் வாங்கி வந்திருந்தான். ஒன்றை அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். நாலு மாதம் எடுத்துப் பார்க்கவில்லை.  அறிவித்தல் படத்தில் இவர் மீசையை வெட்டிச் சீராக்கியிருக்கிறார். ஓய்வூதிய அட்டைக்கென்று எடுத்த படம்.

ஸுஹறா விரலை வைத்துக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். "தொடர்புகளுக்கு: கமலாசனி, மனைவி." அதன் கீழே இந்த நம்பர்.

"பாருங்க அக்கா. ஆள் காலமானதையும் அவங்கதான் அச்சடிச்சிருக்காங்க. நம்பர் இனி உங்கட எண்டதையும் அவங்கதான் அச்சடிச்சிருக்காங்க."

எத்தனை பேர் அந்த அறிவித்தலைப் பார்த்தோம்! அதில் அந்த வரியைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

1 பெப்ரவரி, சனி

மெசின் வந்தது. சாய்ந்தது போக மிச்சமெல்லாம் தப்பியது. நடராசா அண்ணை பின்னேரம்வரை நின்று வெட்டித் தந்தார். உடம்பெல்லாம் நெல்லுச் சுணை, அரிக்கிறது. நிம்மதியாக இருக்கிறது.

3 பெப்ரவரி, திங்கள்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

காலையிலேயே அந்தப் பக்கத்தைத் திகதி தெரியப் படமெடுத்து அனுப்பிவிட்டு, ஸுஹறா போன் எடுத்தாள். பெயர் கேட்டாள், எழுதினாள். மேலதிகாரியைக் கேட்டாள். இல்லை என்றார்கள். "பரவாயில்லை, வரும்வரைக்கும் வச்சிருக்கன்" என்றாள். அப்படியே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூன்று பேருக்குப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தாள்! ஒருவருக்கும் ஒரு பக்கம்கூடப் பிழையாக அடிக்கவில்லை.

கடைசியில் மேலதிகாரி போனுக்கு வந்தா, ஒரு பெண். ஸுஹறா புதன்கிழமைப் பக்கத்தைப் புரட்டி, திகதி, நேரம், பெயர், அவன் சொன்னது என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். "அவர் வந்தாப் பிறகு எடுக்கச் சொல்லுங்கோ" என்ற இடத்தை அந்தப் பெண் திரும்ப வாசிக்கச் சொன்னா. ஸுஹறா திரும்ப வாசித்தாள், பிறகு அறிவித்தலையும் வாசித்தாள், கடைசி வரியோடு.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அம்மா பக்கத்தில இருக்கிறாவா?" என்று அந்தப் பெண் கேட்டா. என்னோடு நேராகக் கதைத்தா. இப்போதே நிறுத்துகிறோம், செப்டெம்பரிலிருந்து எடுத்ததைத் திருப்பிப் போடுகிறோம் என்றா. நான் நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். ஸுஹறா கையைப் பிடித்தாள். "எழுத்தில வரட்டும், பிறகு வைப்பம்."

வந்தது. என் போனில் செய்தி: "அன்புள்ள அப்புத்துரை, உங்கள் சந்தா நிறுத்தப்பட்டது."

கதிரையிலிருந்து அழுதேன். இவரை இரண்டாம் தரமும் அனுப்பி வைத்தது போலிருந்தது. ஸுஹறா கடைக்கு வந்தவர்களைப் பிறகு வரச்சொல்லி அனுப்பினாள், தண்ணீர் தந்தாள். காசு கொடுத்தேன். போட்டோக்கொப்பி ஒன்றுக்கு மட்டும் எடுத்தாள்.

கெட்டிக்காரி. அதைவிட நல்லவள். இதை அவளிடம் நேரே சொல்லக் கூச்சமாயிருந்தது, இங்கே எழுதுகிறேன்.

12 பெப்ரவரி, புதன்

வவுனியாவுக்குப் போய் நம்பரை என் பெயருக்கு மாற்றினேன். ஸுஹறா சொன்னபடி தினமும் காலையில் மீதி பார்க்கிறேன். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சுஜிதன் எடுத்தபோது சொன்னேன். "அப்பான்ர நம்பர் போகேல்லத்தானே அம்மா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

24 பெப்ரவரி, திங்கள்

பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி போனோடு வந்தா. அவவுக்கும் ஏதோ செய்திச் சேவையாம், காசு வெட்டுப்படுகிறதாம். ஸுஹறா தங்கை கலியாணத்துக்குப் புத்தளம் போய்விட்டாள். கடை பூட்டு.

"வாங்கோ, எடுத்துப் பாப்பம்" என்றேன். என் வாயால்தான் வந்தது!

என் போனிலிருந்து எடுத்தேன். இந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதி போட்டேன், நேரம் போட்டேன். "தம்பி, முதல்ல உங்கட பேரைச் சொல்லுங்கோ." சொன்னான். எழுதினேன்.

"நீங்க ஆர் கதைக்கிறது? இது ஆருடைய நம்பர்?"

"கமலாசனி கதைக்கிறன். இது என்ர நம்பர்."

கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜெகதீஸ்வரிக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.