ஊரைப் பார்த்த பெஞ்சுகள்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறாரா?

கோட்டை மதில் மேல் பூங்கா தயார். பீரங்கி நின்ற இடமெல்லாம் இப்போது புல்லும் நடைபாதையும்தான். ஆனால் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து, வெளியே ஆற்றைப் பார்க்க வேண்டிய பெஞ்சுகளை ஊரைப் பார்த்துப் போட்டுவிட்டேன். திக்குத் தெரியாத மனுஷன் என்று நீ சொல்வது சரிதான்.

திறப்பு நாளன்று மேஸ்திரி எல்லாவற்றையும் திருப்பச் சொன்னார். ஒன்றைத் திருப்பி முடிப்பதற்குள் ஜனம் ஏறிவிட்டது. அந்த பெஞ்சைத் திருப்பியதில் என் கால் கட்டைவிரல் லேசாக நசுங்கியது. நகம் தானாக வளர்ந்துவிடும்.

ஒரு பெரியவர் உட்கார்ந்ததும், "அதோ நம்ம வீட்டு மாடி, கொடியில துணி காயுது பாரு" என்று மனைவிக்குக் காட்டினார். உடனே ஆளாளுக்குத் தங்கள் வீட்டைத் தேடத் தொடங்கினார்கள். எதிரியைப் பார்க்கக் கட்டிய மதிலிலிருந்து ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்தது.

"இதை எவன் திருப்புறான்னு பார்க்கிறேன்" என்றார் பெரியவர். மேஸ்திரி என் முதுகில் தட்டி, "ராசிக்காரன்டா நீ" என்றார்.

மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி அனுப்பு. நம் மாடியையும் போட்டோ எடுத்து வை. எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது; ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

திருப்பிய அந்த ஒரு பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. சாயங்காலம் நான்தான் உட்காருகிறேன். நம் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

இப்படிக்கு,
திக்குத் தெரிந்த உன் கணவன்