கிடாரும் பாட்டும் ஒரே பெட்டியில்

மார்ச் 4, செவ்வாய்

ரேடியோ கடையில் நாள் முழுக்க ஊரார் பெட்டிகளைப் பழுது பார்த்துவிட்டு வந்தால், என் வீட்டுக்காரருக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும். அவருடைய கிடாரும் போனில் ஓடும் பாட்டும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் வர வேண்டுமாம். சனிக்கிழமை ஓட்டலில் வாசிக்கிறார். செய்துவிடலாம், என்ன பெரிய வித்தை!

மார்ச் 5

நான் ஒரு மடச்சி. போனின் இடது, வலது கம்பிகளைக் கிடார் கம்பியோடு நேராக முறுக்கி ஒட்டிவிட்டேன். பாட்டு கேட்டது, கிடார் செத்துவிட்டது. "நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தப் பாக்குறியா?" என்று கத்தினான் புருஷன். ஈயம் உருக்கி ஒட்டும் சாலிடரிங் அயர்ன் சூடாக இருந்தது. என் முழங்கைக்குப் பின்னால் வைத்தான். வைத்து அழுத்தினான்.

மார்ச் 6

வேலையில் சுட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். "இருபது வருஷமா சாலிடர் பிடிக்கிறேன்மா. அந்த இடத்துல யாருக்கும் சுட்டதில்ல."

மார்ச் 7

ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டேன். கிடார் மெலிசாகப் பேசும், அதன் சத்தத்தைத் தூக்கிவிட அதற்கு மட்டும் ஒரு சின்ன ப்ரீஆம்ப். இப்போது இரண்டும் ஒன்றையொன்று அமுக்காமல் வருகின்றன. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "அவன் கோபக்காரன்மா. நீதான் அனுசரிச்சுப் போகணும்."

அனுசரித்து! எத்தனை வருஷம்?

எர்த் கம்பியைக் கழற்றிவிட்டேன். கரண்ட் தவறினால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். அதோடு இன்னொன்றும் செய்தேன், அதை எழுத மாட்டேன். நாளைக் காலையில் கிடார் தந்தியைத் தொடுவான். அவ்வளவுதான்.

மூடியைப் போட்டுத் திருகினேன். இது நானா?

மார்ச் 8

குளித்துவிட்டு ஈரக் கையோடு கிடாரை மடியில் வைத்தான். "ம், சுவிட்சைப் போடு."

என் விரல் சுவிட்சின் மேல் — எவ்வளவு நேரமோ. பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, கட்டரால் வயரைத் துண்டாக வெட்டினேன்.

அறைந்தான். உதடு கிழிந்தது. மறுபடி அறைந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிக்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான்.

"பைத்தியமாடி உனக்கு?"

மார்ச் 9

பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதலாளியின் மனைவி மாடி அறையைத் திறந்துவிட்டார். ஒரு பாய், ஒரு ஜன்னல். "அடிக்குப் பயந்துதானே வந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். அடுத்த தடவை சுவிட்சைப் போட்டிருப்பேன்.