திருப்பி எடுத்த சாட்சி

பிப்ரவரி 11, செவ்வாய்

இவருக்கு டயாலிசிஸ் நாள். அரை நாள் லீவு கேட்டதற்கு ஹெச்.எம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி பெஞ்ச் என்று ஒரு வருஷமாக ஓடுகிறது. மத்தியானம் முழுக்க அங்கே உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன். பிள்ளைகளுக்குக் கழித்தல் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கும்தான்.

மெஷினை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டது தண்ணீர். டாக்டர் அளந்து கொடுத்ததற்கு மேல் ஒரு மடக்கு கூடாது. ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுவிட்டேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். “கடலப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்டினவனுக்கு ஒரு தம்ளர் தண்ணிக்கு வழியில்ல பாத்தியாளா” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அவரை மெஷினில் விட்டுவிட்டு ஜெபவீட்டில் உபவாச ஜெபத்துக்குப் போய்வந்தேன். அவர் வரமாட்டார். “எனக்குப் பழைய கோயிலும் பாமாலைப் பாட்டும் போதும். உங்க பாஸ்டர் போடுற சத்தத்துல கிட்னி இருக்கவனுக்கும் போயிரும்” என்பார். ஆனால் பழைய கோயிலில் வியாதியஸ்தர் பெயரோடு பெயராக இவர் பெயரையும் வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுகிறார்கள். ஜெபவீட்டில் டிக்சன் பாஸ்டர் என் தலையில் கை வைத்து அழுதார். அழுத மனுஷரை நம்பாமல் யாரை நம்ப?

இன்று பிரசங்கத்தில் சொன்னார்: விசுவாசம் இல்லாதவர்கள் எதைச் செய்தாலும் ஆண்டவருக்குப் பிரியமாக இருக்க முடியாது. கண்ணால் பார்த்த பிறகு சொல்வது செய்தி. பார்ப்பதற்கு முன்னால் சொல்வதுதான் சாட்சி.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இவருக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சாளை மீன் குழம்பு, முந்தின நாள் வைத்தது. மடித்த சட்டையில் கோடு விழக்கூடாது. ஆண்டவருக்கு என்ன பிடிக்கும்? ஞாயிறு பள்ளியிலிருந்து இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியும் தெரியவில்லையே.

பிப்ரவரி 19, புதன்

ஆண்டவரே!

நேற்று எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டுகிற கிரியாட்டினின் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. பாஸ்டருக்குத்தான் முதலில் போன் போட்டேன். “சிஸ்டர், பாத்தியளா! ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லிருங்க. பாதி கெடச்சதும் முழுசுக்கும் நன்றி சொல்லணும்” என்றார்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாமா? கேட்டால் அது சந்தேகம் ஆகிவிடாதா?

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

‘என் கணவர் தேவபிரசாதத்தைக் கர்த்தர் சுகமாக்கிவிட்டார்’ என்றேன். ‘சுகமாக்குகிறார்’ என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது அது. சனம் முழுதும் எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்தில் நானும் முழுசாக நம்பினேன். பொய் சொன்னேன் என்று எழுத மாட்டேன். அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்களாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவர் யாருடைய போனிலோ வீடியோவைப் பார்த்துவிட்டார். மெஷினிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஏளா ஷீலா, மெஷின்லருந்து எறக்கின ஒடனே எடுத்த ரத்தம்லா அது. எல்லாருக்கும் அப்பிடித்தான் கொறஞ்சிருக்கும். ரெண்டு நாள்ல பழையபடி ஏறிரும். குளிச்சிட்டு வந்தவன மோந்து பாத்துட்டு, இவனுக்கு இனிமே வேர்வையே வராதுன்னு சொன்ன மாதிரில்லா சொல்லிட்ட.”

வழக்கமாக நான்தான் அவரைப் பிடித்துக் கூட்டி வருவேன். இன்று ஆட்டோ வரைக்கும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 2, ஞாயிறு

என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

கிருபை என்று ஒரு பெண். இறால் கம்பெனியில் வேலை. ஜெபவீட்டில் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். மார்பில் கட்டி, இந்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா, உங்க சாட்சியக் கேட்ட பெறவு ஆபரேசன் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒங்க வீட்டு அண்ணாச்சிக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா?”

அவள் முகம் அப்படித் தெளிந்திருந்தது. ஒரு வாரமாகத் தூக்கம் நன்றாக வருகிறதாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ஸ்தோத்திரம்’ என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. ஸ்தோத்திரமாம், ஸ்தோத்திரம்! வாயில் அடிக்க வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

அவரிடம் சொன்னேன். “போயி மாத்திச் சொல்லிரு” என்றார்.

“எப்படிங்க? ஆண்டவர மறுதலிச்ச மாதிரி ஆயிராதா?”

“ஆண்டவரு கிரியாட்டினின் ரிப்போர்ட்டா தந்தாரு? நீயா வாசிச்ச, நீயா தப்பா வாசிச்ச. அவர ஏன் இழுக்க?”

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கிருபை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், ரத்தம், இவர் இன்னும் வாரத்துக்கு இரண்டு தடவை போவது, எல்லாம். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

“இது ஒங்களுக்கு வந்த சோதனைக்கா. பிசாசு ஒங்க வாயிலருந்து சாட்சியப் பிடுங்கப் பாக்குதான். நான் ஒங்களுக்காக ஜெபிக்கேன்.”

பாஸ்டருக்கும் போன் செய்தேன். அவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், இன்னும் அழகான தமிழில்.

எல்லார் முன்னாலும் சொன்னது, எல்லார் முன்னாலும் திருப்பி எடுத்தால் ஒழிய எடுபடாது போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். சாட்சி நேரம் வந்தது. எழுந்திருக்கவில்லை. கோழை.

மார்ச் 16, ஞாயிறு

எழுந்துவிட்டேன். கை நீட்டினதும் மைக் கொடுத்தார்கள். நான் இப்போது நட்சத்திரம் அல்லவா.

மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ‘என் கணவர் சுகமாகவில்லை. நான் ரிப்போர்ட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு சொன்னேன். தயவுசெய்து என் சாட்சியை நம்பி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.’ இவ்வளவுதான். முதல் வாக்கியம் முடிவதற்குள் பாஸ்டர் கீபோர்டுக்காரனைப் பார்த்தார். இரண்டாவது வாக்கியத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மூன்றாவதை நான் மைக் இல்லாமல் கத்தினேன். கைதட்டலில் எனக்கே கேட்கவில்லை. பாஸ்டர் என் தோளில் கை வைத்து, “நம்ம சிஸ்டருக்காக ஜெபிப்போம், மனபாரத்துல இருக்காங்க” என்றார்.

கிருபையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். “யாருக்குமே கேக்கலங்க.” அவர் ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்லா. அவருக்கு எதுக்குளா மைக்கு?” என்றார். பிறகு குழம்பு கேட்டார். மீன் கொஞ்சம், குழம்பு நாக்கில் தொட்டுக்கொள்ள மட்டும்.

மார்ச் 28, வெள்ளி

அவருக்கு மூச்சு வாங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது. இதயமும் களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். வேறு என்ன செய்யலாம் என்று கேட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

ஊசி குத்துவதற்காக அவர் கையில் நரம்பை இணைத்து வைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் காதை வைத்தால் கிரேனில் கயிறு சுற்றுகிற வின்ச் மாதிரி கிர்ரென்று ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்கும். இன்று சாயங்காலம் வைத்துக் கேட்டேன். “வின்ச் ஓடுதாளா?” என்றார். ஓடுகிறது என்றேன். “அப்ப சரக்கு இன்னும் எறங்கல” என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தச் சத்தம்தான் வீட்டில்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட ஆட்டோ வந்து நின்றது. செருப்பைப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை.

கையில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று அடக்கம். பழைய கோயிலில்தான். சபைக்குரு ஐயர் இவருக்குப் பிடித்த பாட்டையே எடுத்தார். யார் சொன்னார்களோ.

கிருபை வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள். காதுக்குள் சொன்னாள்: “நீங்க சபையில நின்னு சாட்சியத் திருப்பி எடுத்துட்டியள்லாக்கா. அதான். நான் எடுக்க மாட்டேன்.”

அப்படியென்றால் அன்றைக்கு அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறது.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வாயில் இருந்த வார்த்தைகள் நான் போட்டவை. ஆனால், நடுராத்திரி மாதிரி இருட்டான ஒரு நினைப்பு பட்டப்பகலில் வருகிறது – அவள் சொல்வது சரியாக இருந்தால்? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? இல்லை. இல்லை. அப்படிப்பட்ட கடவுள் எனக்கு வேண்டாம். ஐயோ, என்ன எழுதுகிறேன்.

ஏப்ரல் 20

உயிர்த்தெழுந்த ஞாயிறு. விடியற்காலை மணி கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மே 12, திங்கள்

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி ஜெபவீட்டுக்கு நேரில் போய்க் கேட்டேன். “மனுசன் போயிட்டாருங்க. இன்னும் அதுல சுகமாயிட்டாருன்னு சொல்லிக்கிட்டு நிக்கேனே” என்றேன். பாஸ்டர் காபி கொடுத்தார். “அத்தன ஆத்துமாக்களுக்கு அது ஆறுதலா இருக்கு சிஸ்டர். ஒங்க துக்கத்துக்காக அவங்க ஆறுதல எடுக்கலாமா?” அவர் கெட்டவர் இல்லை. அதை நிச்சயமாக எழுதுவேன். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். இனி அந்தப் படி ஏறுவதில்லை.

ஜூன் 18, புதன்

ஜெபம் வரவில்லை. முழங்கால் போடுகிறேன், வலிக்கிறது, எழுந்துவிடுகிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. எல்லாம் வீடியோ பார்த்துவிட்டு ஜெபவீட்டில் என் நம்பரை வாங்கியவர்கள்.

ஜூலை 27, ஞாயிறு

திருவிழாக் கொடி ஏறியதிலிருந்து மாதா கோயில் பக்கம் பஸ் போகவே முடியவில்லை. இறங்கி நடந்து கிருபை வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்: மதுரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கட்டி உடைந்து நாற்றம் வந்த பிறகுதான் அவள் அம்மா கண்டுபிடித்தாளாம். இனி ஆபரேஷன் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

திருவிழாக் கூட்டத்துக்குள் நடந்து வந்தேன். யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். ஆண்டவரே, உமக்குப் பிரியமாக இருக்கத்தானே நான் எழுந்து நின்றேன். இரண்டு தடவையும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தெரியாத நம்பர் ஒன்றை இன்று எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ என்று நினைத்து. ஒரு பெண் குரல்.

“ஸ்தோத்திரம்க்கா. சாத்தான்குளத்துலருந்து பேசுதேன். ஒங்க சாட்சிய இப்பத்தான் பாத்தோம். எங்க வீட்டுல உள்ளவியளுக்கும் கிட்னிதான். நாளைக்கு டயாலிசிஸ். சாட்சியக் கேட்ட பெறவு, போகவா வேண்டாமான்னு ரெண்டு மனசா இருக்காவ.” பிறகு ஆசையாகக் கேட்டாள்: “அண்ணாச்சி இப்ப நல்லா இருக்காவளா?”

வைத்துவிடலாம் என்று விரல் போனது.

“செத்துப் போனாவம்மா. ஏப்ரல்ல.”

அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிப்பது மட்டும் கேட்டது.

“வச்சிராதிய. கேளுங்க. நான் சொன்னது தப்பு. ரத்தம் மெஷின்லருந்து எறக்கின ஒடனே எடுத்தது, எனக்குத் தெரியாமப் போச்சு. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. எந்த மனசா இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க.”

அவள் அழ ஆரம்பித்தாள். “அப்ப ஜெபம்? இத்தன நாளு ஜெபிச்சதெல்லாம்?”

எனக்கு என்ன தெரியும்? என்னைக் கேட்கிறாள்.

“அந்த பெஞ்சுல உக்காந்து ஜெபிங்க. நான் அங்கனதான் ஜெபிச்சேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. நோட்டுத் திருத்திக்கொண்டு, அவர் வருகிறாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மத்தியான இடைவேளையில் நானே அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“மெஷின்ல இருக்காவக்கா” என்றாள்.

அவளுக்கும் எனக்கும் பேச வேறொன்றும் இல்லை. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. மணி அடித்து, பிள்ளைகள் வகுப்புக்குள் வந்துவிட்டார்கள்.